கோட்டையே சிறையான கதை

பெரிய நோய்களுக்கு மனிதன் அஞ்சுகிறான்; சிறிய நோய்களை எள்ளி நகையாடுகிறான். காலரா என்ற சொல் காதில் விழுந்தால் ஊரே நடுங்கும். ஜலதோஷம் என்றால் புன்னகைதான் வரும். "மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்" என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்வதில் இந்த அலட்சியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஜலதோஷம், நீர்க்கோவை, தடிமன் என்று அதற்கு ஊருக்கொரு பெயர். பெயர்கள் பலவாயினும் மரியாதை ஒன்றுதான்: எவரும் அதை நோயென்று மதிப்பதில்லை. விடுப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதும்போதுகூடக் "காய்ச்சல்" என்றே எழுதுகிறோம். மூக்கு ஒழுகுகிறது என்று எழுத நாணுகிறோம்.

இந்த அலட்சியத்துக்கு எம் இல்லத்தில் இடமிருந்ததில்லை. எம் தங்கைக்குக் குழந்தைப் பருவந்தொட்டே இரைப்பு நோய். மற்றப் பிள்ளைகள் தும்மினால் உம்மா சுக்கைத் தட்டிக் கஷாயம் காய்ச்சுவார். தங்கை தும்மினால் உம்மாவின் முகம் கறுத்துவிடும். முதல் நாள் மூக்கில் நீர். மறுநாள் தொண்டையில் கரகரப்பு. அதற்கடுத்த இரவு மார்புக்குள்ளே குழலூதுவது போன்ற அந்த ஓசை! படுக்கவியலாமல் அடுக்கிய தலையணைகள்மேல் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கடன் வாங்குவது போல் அவள் இழுத்துக்கொண்டிருப்பாள். வாப்பா விடியும்வரை அவள் முதுகை நீவிக்கொண்டிருப்பார். நொச்சியிலை ஆவி, கற்பூரவல்லிச் சாறு, ஆடாதோடைக் கஷாயம் என்று வீடே மூலிகை மணக்கும். விசாரிக்க வருவோர், "வெறும் சளிதானே, சரியாகிவிடும்" என்று ஆறுதல் கூறிச் செல்வர். அந்த 'வெறும்' என்ற சொல் எம்மைச் சுட்டது.

அந்தச் சூடுதான் இந்நோயைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும் பழக்கத்தை எமக்கு உண்டாக்கியது எனலாம். மருத்துவம் எம் தொழிலன்று. ஆயினும் அறிஞர்கள் இச்சிறு பகையைத் தொடர்ந்து சென்ற வழியைப் பின்பற்றிப் படித்தபோது, எதிர்பாராத ஓர் உண்மை அதில் பொதிந்திருக்கக் கண்டோம். அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் பல இனத்தவை. அவற்றுள் முதலிடம் பெறுவது ரைனோ வைரஸ். 'ரைனோ' என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடி. இதனை விஞ்ஞானிகள் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1956ஆம் ஆண்டில். உடலின் உட்பகுதியைவிடச் சற்றே குளிர்ந்த, 33 பாகை வெப்பமே இதற்கு உகந்தது. ஆகவேதான் மூக்கில் குடியேறுகிறது. இன்றைய கணக்கில் 160க்கும் மேற்பட்ட வகைகள் இதில் உள்ளன. ஒன்றுக்கு எதிராக உடல் பெற்ற காப்பு மற்றொன்றிடம் செல்லுபடியாவதில்லை. அம்மைக்குத் தடுப்பூசி கண்டவர்கள் சளிக்குக் காணமுடியாமற் போனதற்கு இதுவே தலையாய காரணம்.

இவ்வைரஸின் உருவம் யாது? ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 33,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அத்துணை நுண்மை! 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும், ரைனோ வைரஸ் 14 என்னும் வகையைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அணுவணுவாக அதன் அமைப்பை வரைந்து காட்டினர். அதே ஆண்டில் ஜேம்ஸ் ஹோகல் குழுவினர் போலியோ வைரஸின் அமைப்பைக் கண்டனர். இரண்டும் நெருங்கிய உறவினமே.

அவர்கள் கண்டது ஒரு கோட்டையை. நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60 வீதம் 240 கற்களாகப் பொருந்தி, இருபது முகங்கள் கொண்ட உருண்டையான ஓடாக அமைந்திருந்தன. அதனுள்ளே சுருண்டு கிடக்கிறது ஆர்.என்.ஏ. என்னும் மரபு இழை. சுமார் 7,200 எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு ஓலை. வைரஸ் என்பது இவ்வளவே: உள்ளே ஓர் ஓலை, வெளியே ஒரு கோட்டை. உண்பதில்லை, உறங்குவதில்லை, வளர்வதில்லை. ஓலை நம் உயிரணுவுக்குள் சென்று படிக்கப்பட்டால்தான் அதற்கு வாழ்வு.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. தும்மலோடு வெளியேறிக் காற்றிலும் கையிலும் கதவின் பிடியிலும் தங்கி, இன்னொரு மூக்கை அடையும்வரை ஓலையைக் காக்க வேண்டுமானால் கோட்டை உறுதியாக இருக்கவேண்டும். ஆனால், உயிரணுவை அடைந்த கணமே அதே கோட்டை திறந்துகொள்ளவும் வேண்டும். உறுதி குறைந்தால் வழியிலேயே அழிவு. உறுதி மிகுந்தால் வந்த இடத்தில் பயனின்மை. விதை நெல்லை எண்ணிப் பாருங்கள். குதிருக்குள் கிடக்கும்போது அதன் உமி இறுகியிருக்க வேண்டும். நீரில் ஊறியபின் அது நெகிழ்ந்து முளைக்கு வழிவிட வேண்டும். என்றும் நெகிழாத உமிக்குள் இருக்கும் நெல் விதையாகாது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் ரென்சலர் என்னும் ஊரில் இயங்கிய ஸ்டெர்லிங் விந்த்ராப் ஆய்வுக்கூடத்தினர் ரைனோ வைரஸையும் அதன் உறவினங்களையும் அடக்கவல்ல சில இரசாயனப் பொருள்களைக் கண்டிருந்தனர். 'வின்' என்ற எழுத்துக்களும் ஓர் எண்ணுமே அவற்றுக்குப் பெயர். அவை எவ்வாறு வேலை செய்கின்றன? 1986ஆம் ஆண்டில் பர்டூ அறிஞர்கள் மருந்து ஏறிய வைரஸை மீண்டும் எக்ஸ் கதிரில் ஆராய்ந்தனர். வைரஸின் மேற்பரப்பில் பள்ளத்தாக்குப் போன்ற பள்ளங்கள் உண்டு. நம் உயிரணுவின் மேலுள்ள ஐகேம்-1 என்னும் புரதத்தைப் பெரும்பாலான வகைகள் அப்பள்ளத்தில்தான் பற்றிக்கொள்கின்றன. அப்பள்ளத்தின் தரைக்கு அடியில், முதற் புரதத்தின் நடுவே, நீண்டு குறுகிய ஓர் அறை இருந்தது. மருந்து அந்த அறைக்குள் நுழைந்து கச்சிதமாகப் படுத்திருந்தது!

அழிக்கும் மருந்து என்றால் பகைவனின் கோட்டையை இடித்துத் தகர்க்கும் என்றே நம் மனம் எண்ணும். நடந்தது அதற்கு நேர்மாறு. மருந்து ஏறிய வைரஸ் முன்னினும் உறுதி பெற்றது. சாதாரண வைரஸைச் சிதைத்துவிடும் வெப்பத்தை அது தாங்கி நின்றது. வைரஸுக்கு மருந்து செய்தது தீங்கா, உபகாரமா என்று ஐயுறத் தோன்றும். ஆனால், அந்த உறுதியிலேதான் அதன் தோல்வி இருந்தது. உயிரணுவுக்குள் புகுந்த பின்னும் அதன் கதவு திறப்பதில்லை, ஓலை வெளிவருவதில்லை. சில வகைகளில் பள்ளத்தின் தரையே மேலெழும்பி, உயிரணுவைப் பற்றவும் இயலாமற் போகிறது. கோட்டையே சிறையாகிவிட்டது.

இதைவிட வியப்பான செய்தி பின்னர் வந்தது. படிகத்தில் கண்ட படத்தை வைத்து, வைரஸின் ஓடு கற்சுவர் போல் அசைவற்றது என்று எண்ணத் தோன்றும். 1994இல் போலியோ வைரஸை ஆராய்ந்தோர், ஓட்டின் உட்புறத்தே மறைந்திருக்கும் புரதப் பகுதிகள் உடல் வெப்பத்தில் அவ்வப்போது வெளியே தலைகாட்டி மீண்டும் உள்ளே செல்வதைக் கண்டனர். 1998இல் ரைனோ வைரஸ் 14ஐ வைத்து, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தையும் பர்டூவையும் சேர்ந்த அறிஞர்கள் எளிய, ஆனால் கூர்மையான ஒரு சோதனை செய்தனர். புரதத்தை நறுக்கும் டிரிப்சின் என்னும் நொதியை வைரஸோடு கலந்தனர். நறுக்கப்பட்ட துண்டுகள் எவையென்று, எடையால் மூலக்கூறுகளை இனங்காணும் கருவியைக் கொண்டு பார்த்தனர். மேற்புறத்துப் புரதம் நறுக்குண்டிருந்தால் வியப்பில்லை. ஆனால், படத்தின்படி ஓட்டின் உட்புறத்தே பத்திரமாக இருக்கவேண்டிய நான்காம் புரதமும் முதற் புரதத்தின் நுனியும் நறுக்குண்டிருந்தன! கத்தி கோட்டைக்குள் புகவில்லை. உள்ளிருப்பவைதாம் கத்திக்கு எட்டும்படி வெளியே வந்து சென்றன என்பதே பொருள்.

அறிஞர்கள் இதற்கு வைத்த பெயர் 'மூச்சு'. காற்றை இழுத்து விடும் மூச்சன்று. ஓடு முழுவதும் ஓயாமல் விரிந்து நெகிழ்ந்து மீளும் அசைவு. மரபு இழையை வெளியே விடுவதற்கு வேண்டிய நெகிழ்ச்சி அந்த அசைவிலேதான் இருக்கிறது. அடுத்து, வின் 52084 என்ற மருந்தைச் சேர்த்துவிட்டு அதே சோதனையைச் செய்தனர். உட்புறத்துப் புரதங்கள் நறுக்குண்ணவில்லை. மருந்து வைரஸின் மூச்சை நிறுத்தியிருந்தது.

இதைப் படித்த இரவில் எமக்கு உறக்கம் வரவில்லை. எம் தங்கையின் மூச்சைத் திணறச் செய்த அந்தப் பொருளுக்கும் ஒரு மூச்சு உண்டு. அதையும் அடைக்கலாம் என்ற செய்தி எம் உள்ளத்தை என்னவோ செய்தது. பழி தீர்த்த மகிழ்ச்சி என்று அதனைச் சொல்ல மாட்டோம். உயிர்ப்பு என்பது எங்கும் நெகிழ்ச்சிதான் போலும் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. இறுகிப்போன மார்பில் காற்று நுழைவதில்லை. இறுகிப்போன ஓட்டிலிருந்து ஓலை வெளிப்படுவதில்லை.

வைரஸும் சும்மா இருந்துவிடவில்லை. பெருகும்போதெல்லாம் தன் ஓலையைப் பிழையோடு படியெடுப்பது அதன் இயல்பு. பிழைகள் பல வீணாகும். ஒன்றிரண்டு அதற்குக் கைகொடுக்கும். அறையின் சுவரில் பருத்ததொரு துணுக்கு அமைந்துவிட்டால் மருந்துக்கு அங்கே இடமில்லை. வேறு சில மாற்றங்கள் ஓட்டையே தளர்த்தி, மருந்து தரும் இறுக்கத்தை ஈடுகட்டுகின்றன. 1993இல் வெளியான ஓர் ஆய்வு இதன் எல்லையைக் காட்டியது. வின் 51711 என்ற மருந்தோடு வாழப் பழகிய போலியோ வைரஸ் வகைகள் சில, மருந்தில்லாமல் வாழ இயலாதனவாகிவிட்டிருந்தன! அவற்றின் ஓடு அவ்வளவு தளர்ந்துவிட்டதால், மருந்து உடனில்லாதபோது உயிரணுவை விட்டு வெளிவந்த பின் அவை சிதைந்தன. தம்மைக் கொல்ல வந்ததையே ஊன்றுகோலாக்கிக் கொண்டவை, அந்த ஊன்றுகோலை எடுத்தவுடன் விழுந்தன.

இத்துணை அழகிய அறிவு மருந்துக் கடைக்கு வந்ததா? அங்கேதான் கதை வேறு திசையில் திரும்புகிறது. இவ்வரிசையில் வந்தவற்றுள் மிக முன்னேறியது பிளெக்கொனாரில் என்னும் மருந்து. ஜலதோஷம் கண்ட 2,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அது சோதிக்கப்பட்டது. ஒரு வேளைக்கு 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாட்கள். இவ்வினத்து வைரஸ் உறுதி செய்யப்பட்டோரிடையே, வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு நோய் தணிய 7.3 நாள் ஆயிற்று, மருந்துண்டவர்களுக்கு 6.3 நாள். நம்மவர்களின் வேடிக்கைப் பேச்சைப் பொய்யாக்கி, ஏழு நாளை ஆறு நாளாக்கியது அம்மருந்து!

ஒரு நாள். அதன் விலை என்ன? பெண்கள் உண்ணும் கருத்தடை மாத்திரையின் வலிமையை அம்மருந்து குறைக்கக்கூடும் என்று தெரியவந்தது. மருந்துக்கு அடங்காத வைரஸ் சிலரிடம் தலைகாட்டியது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அங்கீகாரம் தர மறுத்தது. தானாகத் தீரும் நோய்க்கு, நலமுள்ள கோடிக்கணக்கானோர் விழுங்கப்போகும் மருந்து இம்மியளவும் தீங்கு செய்யலாகாது என்பது நீதியே. அத்தீர்ப்பை நாம் குறைகூறவில்லை.

ஆனால், அந்த ஒரு நாளை நாம் வேறொரு தராசிலும் நிறுத்துப் பார்த்தோம். நலமுள்ள ஒருவருக்கு அது ஒரு நாள் கைக்குட்டை. எம் தங்கையைப் போன்றவர்க்கோ அது ஓர் இரவு; வாப்பாவின் கை முதுகிலேயே இருந்த இரவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இரைப்பு திடீரென மிகும் வேளைகளை ஆராய்ந்தோர், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் சளி வைரஸ்களைக் கண்டனர். அவ்வைரஸ்களிலும் ரைனோ வைரஸே மிகுதி. அறிஞர்களும் இதனை உணராமலில்லை. பிளெக்கொனாரிலை மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கி, ஆஸ்துமா உடையோரிடம் சோதித்துப் பார்த்தனர். அதுவும் கடைக்கு வரவில்லை.

இன்னொரு செய்தியும் காத்திருந்தது. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரைனோ வைரஸின் மூன்றாவது பிரிவு ஒன்று இனங்காணப்பட்டது. 'சி' பிரிவு என்று அதற்குப் பெயர். குழந்தைகளுக்குக் கடுமையான இரைப்பை வருவிப்பதில் தொடர்புடையது இதுவே. 2016இல் ராஸ்மனும் பிறரும் இதன் ஓட்டை அணுவணுவாக வரைந்தபோது, மருந்து சென்று படுக்கவேண்டிய அந்த அறையைத் தேடினர். அறை தூர்ந்துபோயிருந்தது! பருத்த துணுக்குகள் அதை நிரப்பிக் கிடந்தன. நலமுள்ளோரின் மூக்கில் ஒழுகும் வகைகளுக்குப் பொருந்திய சாவி, இரைக்கும் குழந்தைகளின் பகைவனிடம் நுழையவே வழியில்லை. இந்த வரியைப் படித்துவிட்டு இதழை மூடிவைத்து நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

எனினும் மனித அறிவு ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசலைத் தட்டும் இயல்புடையது. கட்டிய கோட்டையைத் திறக்கவிடாமல் செய்வதற்குப் பதிலாக, கோட்டையைக் கட்டவே விடாமல் செய்தால் என்ன? ஓட்டைக் கட்டுவதற்கு வைரஸ் நம் உயிரணுவின் ஒரு நொதியை இரவல் வாங்குகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மூலக்கூறு ஒன்றை இலண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர்கள் 2018இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களில் அது பலனளித்தது. கூடத்திலிருந்து குடும்பத்துக்கு வரும் வழி நெடியது என்பதைப் பிளெக்கொனாரில் கற்பித்திருக்கிறது; ஆயினும் வழி மூடிவிடவில்லை. இன்றைய நிலையில் ரைனோ வைரஸை அழிக்க அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. மூக்கு ஒழுகியதும் கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்பவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, வைரஸுக்கு அதனால் ஒரு கீறலும் நேராது.

எம் தங்கை இன்று பேரப்பிள்ளைகள் கண்ட மூதாட்டி. இன்ஹேலர் என்னும் சிறு குழல் அவளுடைய பல இரவுகளை மீட்டுத் தந்தது. அவள் பேரன் ஒருவனுக்கும் அதே இரைப்பு வாய்த்திருக்கிறது. அவன் வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் அவள் மனம் இன்றும் பதறுகிறது.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. சளி பிடித்திருக்கும்போது முகத்தை மூடித் தும்முங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். இரைப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்த வாரம் போகாதிருங்கள். உங்கள் பிள்ளையை இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இது ஒரு வாரத் தொல்லை. அக்கோட்டை யாருடைய மூக்கில் திறந்துகொள்ளப் போகிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக உலகின் தலைசிறந்த அறிவாளர்கள் முயன்றும் பூட்ட இயலாத ஒன்றை 'வெறும் சளி' என்று சொல்லாதிருப்பது, அந்த அறிவுக்கும் நாம் செய்யும் மரியாதை. இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் தந்தையர்க்கும் நாம் செய்யும் உதவி.